வாத்துக்கு அரைத்த மிளகாய்

பாலுசாமி குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொன்ன எதையும் எங்கள் ஊர் சந்தேகப்பட்டதில்லை. உள்ளே போனால் உண்மை வெளியே வரும் என்று தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். குடியை விட்டு நாலு மாதம் கழித்து, தெளிந்த கண்ணால் பார்த்துத் தெளிந்த வாயால் சொன்ன ஒரே ஒரு உண்மையைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. ஊர் என்றால் அப்படித்தான். நானும் நம்பவில்லை. அதனால் இதை எழுதும்போது ஊரைத் திட்டுகிற இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

இது தொண்ணூற்றாறாம் வருஷம் நடந்தது. எங்கள் ஊர் சூலூருக்குக் கிழக்கே நாலு மைல். பாலுசாமியின் வீடு என் தையல் கடையை ஒட்டினாற்போல இருக்கிறது. நடுவில் ஒரு மண்சுவர்தான். கேட்கக் கூடாது என்று இருந்தாலும் கேட்டுவிடும். கேட்கக் கூடாது என்று நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் தறி ஓட்டுகிறவர். காளிச்சாமி முதலாளியின் கொட்டகையில் ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். நாலு தறி அவர் பொறுப்பு. ராத்திரி முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு விடிகாலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். கால் நேராக விழாது. காது அடைத்துப்போய்ப் பேச்சு முழுக்கக் கத்தலாக இருக்கும். இந்த மூன்றும் குடித்தவனுக்கும் உண்டு என்பதுதான் சங்கடம். அதனால் அவர் மனைவி பாவாத்தாள் தினமும் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். ஊதின பிறகுதான் தண்ணீர்ச் சொம்பு கைக்கு வரும்.

பாவாத்தாளுக்கு அம்மா வீடு ஆனைமலை. ஆடி மாதம் அவரை அங்கே மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியிருந்தாள். "இதுக்கப்பறம் ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா, இந்தக் கோயல்ல இருந்து எங்கம்மா ஊடு கூப்புடு தூரந்தானுங்க. நான் மறுக்கா சூலூர் பஸ் ஏற மாட்டனுங்க" என்று சொல்லியிருந்தாள். எவ்வளவு கோபத்திலும் அவளுக்கு 'ங்க' குறையாது. சொன்னதைச் செய்கிறவள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் நொய்யல் தண்ணீர் வந்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் குளம் நிரம்பியது. பாலுசாமி ஷிப்ட் முடிந்து கரைமேல் வந்துகொண்டிருந்தார். அக்கரையில் இடி விழுந்து தலை போன மொட்டைப் பனை ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஏதோ உட்கார்ந்திருந்தது. கழுகு என்று நினைத்துக் கிட்டப் போனார். வாத்து. சாதா வாத்தைவிடப் பெரிசு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வெள்ளைத் தலை முழுக்க மிளகு தூவினது போலப் பொட்டு. மூக்கின் மேல் மட்டும், கத்தரிக்காயை நெடுக்க அறுத்து ஒட்டிவைத்தது போல ஒரு கறுப்புக் கட்டி. வெயில் பட்டதும் முதுகு பச்சையாக மின்னியது. அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து கிழக்கே பறந்துவிட்டது.

அவர் ஓட்டமாக வந்து சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"ஏம்புள்ள, பனைமரத்து மேல ஒரு வாத்து உக்காந்துட்டு இருந்துது!"

"எங்கீங்க?"

"நம்ம குளத்து மொட்டப் பனையிலெ. மூக்கு மேல கத்திரிக்காயாட்ட ஒரு கட்டி."

தண்ணீர்ச் சொம்பைத் திரும்பத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஊதுங்க" என்றாள்.

ஊதினார்.

"மறுக்கா ஊதுங்க."

மறுபடி ஊதினார்.

"வாசம் ஒண்ணும் வரலீங்க. ஆனா வாசமே வராத சரக்கு வந்திருக்குதுன்னு ரசாக் அண்ணன் டீக்கடையில பேசிக்கறாங்களாமா."

"மாசாணி மேல சத்தியமா ஒரு வாத்து புள்ள!"

"வாத்து மரத்துல ஏறுமுங்களா? உங்க வயசுக்கு நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

"இன்னிக்குத்தான பாத்தேன். அதைத்தான சொல்றேன்!"

அந்த வீட்டில் சமையலைப் பார்த்தே நிலவரம் சொல்லிவிடலாம். நம்பிக்கையான நாளில் அரிசிம்பருப்புச் சோறும் மேலே ஒரு கரண்டி நெய்யும். சந்தேகமான நாளில் முந்தின நாள் களியும் மோரும். அன்றைக்குக் களி. மோரில் உப்புகூடப் போடவில்லை என்று பாலுசாமி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் அதே பனையில் மறுபடி பார்த்துவிட்டார். அன்று ராத்திரி ஷிப்ட் தொடங்கினதும் கொட்டகையில் சொல்லப் போனார். தறி ஓடுகிறபோது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் கையால்தான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரி போலக் காட்டுவார்கள். முதலாளி வந்தால் வயிற்றைத் தடவிக்காட்டுவார்கள், காளிச்சாமிக்குத் தொந்தி பெரிது. எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. மூக்கில் கட்டியோடு பனைமேல் உட்கார்ந்த வாத்துக்கு மட்டும் இல்லை. பாலுசாமி அதைப் புதிதாகச் செய்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினார், அது பனை. பிறகு குந்தி உட்கார்ந்து முழங்கையை விசிறினார், அது வாத்து. கடைசியில் முஷ்டியை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வயிற்றைத் தடவ ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காளிச்சாமி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பாலுசாமியின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்தார்.

"ஏம்ப்பா பாலு, நாலு மாசம் நல்லாத்தான இருந்தே?"

"இப்பவும் நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"செரி செரி. ஊட்டுக்குப் போய்ப் படு. காத்தால வந்து பேசிக்கலாம்."

காலையில் ரசாக்கின் டீக்கடையில் இதுதான் பேச்சு, ஆளுக்காள் அந்தச் சைகையையும் செய்து காட்டினார்கள். ரசாக் நல்ல மனுஷன், பாலுசாமி குடியை விட்டதில் அவரைவிடச் சந்தோஷப்பட்டவர். அவரே வருத்தத்தோடு சொன்னார். "பாலண்ணா, வேற எங்க பாத்தேன்னு சொல்லியிருந்தாலும் நம்பலாமுங்க. பனைமரத்துல பாத்தேங்கறீங்களே. கேக்கறவனுக்கு வேற எதுங்க ஞாபகத்துக்கு வரும்?"

பத்துப் பேர் சேர்ந்து பத்து மணிக்குக் கரைக்குப் போய்ப் பார்த்தோம். பனையில் ஒரு காக்கா இருந்தது. அதற்குக் கட்டி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் ஊருக்கு வந்தான். எங்கள் ஊர் சர்ச் வீதிப் பையனாக இருந்து, இப்போது பீளமேட்டில் ஒரு காலேஜில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். கழுத்தில் பைனாகுலரும் கையில் பறவைப் புத்தகமுமாகத் திரிவான். பாலுசாமி அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தார். சாட்சிக்கு நானும் போனேன். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த பாலுசாமி ஒரு பக்கத்தில் விரலை அழுத்தி, "இதுதான்! இதேதான்! பாவாத்தா, இங்க வா!" என்று கூரை அதிரக் கத்தினார்.

படத்தில் வாத்து அப்படியே இருந்தது. கத்தரிக்காய் உட்பட. பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் ஆல்வின் தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, இது இந்தப் பக்கமே வராதுங்க. இந்த மேப்பைப் பாருங்க. நெறம் அடிச்சிருக்கற எடத்துலதான் இது இருக்கும். நம்ம ஜில்லா வெள்ளையா இருக்குது பாருங்க."

"நெறம் அடிச்சவன் நம்ம குளத்துக்கு வந்து பாத்தானா?"

ஆல்வின் மேப்பை ஒருதரம் பார்த்தான், அவரை ஒருதரம் பார்த்தான். மரியாதையான பிள்ளை. யோசித்துவிட்டு மெதுவாக, "அண்ணா, இப்பல்லாம் நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்டான். கெட்டவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பாவாத்தாள் உள்ளே போனாள். நாலு சேலையை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"செவ்வாக்கெளமை ஆனைமலை போறமுங்க. நீங்க குடிச்சிருந்தா உங்க கொடல் எரியோணும்னு நான் மொளகா அரைக்கப் போறனுங்க. குடிக்கலீன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ எதுக்கு அரைக்கோணும்? நானே அரைக்கறேன்."

"அரைங்க. ஆத்தாளுக்கு எல்லாந் தெரியும்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மாசாணியம்மன் கோயிலில், நம்மை வஞ்சித்தவரைச் சொல்லி மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால், நியாயம் வெளிவருகிறவரை அவர் உடம்பு எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போலீசுக்குப் போகிறேன் என்றால் சிரிக்கிறவன்கூட, ஆனைமலைக்குப் போகிறேன் என்றால் உட்கார்ந்து பேசுவான். காரியம் முடிந்ததும் மறக்காமல் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்கவேண்டும். இல்லையென்றால் எரிச்சல் நிற்காது என்பார்கள்.

என்னையும் கூட வரச் சொன்னாள் பாவாத்தாள். தனியாகக் கூப்பிட்டுக் காரணமும் சொன்னாள். "நான் எங்கம்மா ஊட்லயே நின்னுட்டேன்னா, இவரைப் பத்தரமா ஊருக்குக் கூட்டியாறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்கண்ணா. பொள்ளாச்சியில பஸ்ஸு மாறத் தெரியாம நிப்பாரு." புருஷனை விட்டுப் போகிறவள் செய்கிற ஏற்பாடா இது?

செவ்வாய்க்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள், வரப்பை நகர்த்திவிட்ட கொழுந்தனுக்கு அரைத்தாள். அடுத்து ஒருவர், ஓடிப்போன மனைவிக்கு அரைத்தார். அழுதுகொண்டே அரைத்தார். பாலுசாமி முறை வந்தது. பாவாத்தாள் மஞ்சள் பையோடு தள்ளி நின்றுகொண்டாள். அவர் ஒரு கை மிளகாய் எடுத்துக் கல்லில் வைத்தார். போதாது என்று இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று.

"ரெண்டு கை போதுமுங்க" என்றாள் பக்கத்திலிருந்த அம்மாள்.

"நம்ம கேஸு பெருசுங்க" என்று சொல்லிவிட்டு அரைக்க ஆரம்பித்தார்.

எல்லாரும் அம்மனிடம் முணுமுணுப்பாகத்தான் சொல்லுவார்கள். தறிக்காரருக்கு முணுமுணுப்பு ஏது? கோயில் முழுக்கக் கேட்டது.

"ஆத்தா! நான் குடிக்கல. உம்மேல பண்ணுன சத்தியத்தை மீறல. பனைமேல வாத்து இருந்துது, நான் பாத்தேன், அதும் என்னைப் பாத்துது. பாத்துப்போட்டுப் போன வாத்து மறுக்கா ஊருக்கு மூஞ்சியக் காட்டவே இல்ல. அதனால என் குடும்பம் நடுத்தெருவுல நிக்குது. அந்த வாத்துக்கு எரியோணும் தாயே! அது வந்து ஊரு முன்னால நின்னு சாட்சி சொல்ற வரைக்கும் அதுக்கு எரியோணும்!"

வரிசை அப்படியே அசையாமல் நின்றது. மனைவிக்கு அரைத்தவர் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த வாத்துங்க?" என்றார்.

"பேரு இங்கிலீசுல இருக்குதுங்க, வாயில நொழையல. மூக்குல கட்டி இருக்கும்."

"அது என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அதுதானுங்க பிரச்சன."

கோயிலை விட்டு வெளியே வந்தோம். இடது பக்கம் அவள் அம்மா வீட்டுத் தெரு, நாலு எட்டு. வலது பக்கம் பஸ் நிற்கிற இடம். அவள் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள். பாலுசாமி மிளகாய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பூமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவும் இல்லை. பொள்ளாச்சி பஸ் வந்தது. பாவாத்தாள் விறுவிறுவென்று போய் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏன் ஏறினாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இறங்கிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம்.

மறுநாள் அந்த வீட்டில் களியும் இல்லை, அரிசிம்பருப்பும் இல்லை. உப்புமா. தொடர்ந்து பத்து நாளைக்கு உப்புமா. அதற்கு என்ன அர்த்தம் என்று பாலுசாமி என்னிடம் வந்து கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பதினோராம் நாள் பாலுசாமிக்குப் பகல் ஷிப்ட். அவர் முன்னாலேயே போய்விட்டார். பாவாத்தாள் அதே கொட்டகையில் தார் சுற்றுகிறவள், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. சோற்றுப் போசியோடு தனியாகக் கரைமேல் வந்துகொண்டிருந்தாள். மொட்டைப் பனையிலிருந்து என்னவோ ஒன்று பொத்தென்று தண்ணீரில் இறங்கியது. பின்னாலேயே சின்னதாக இன்னொன்று. பெரியதன் மூக்கில் கத்தரிக்காய் இருந்தது.

போசியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். கொட்டகையில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தொண்டை கிழியக் கத்தினாள், ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அப்புறம், சேலைத் தலைப்பு விலகாமல் நடக்கிற அந்தப் பாவாத்தாள், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். குந்தி உட்கார்ந்து முழங்கையை விசிறினாள். முஷ்டியை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

பாலுசாமி தறியை நிறுத்தினார். ஒவ்வொருவராக எல்லாரும் நிறுத்தினார்கள். மின்சாரம் இருக்கும்போதே கொட்டகை அமைதியானதைக் கேட்டு ஊரே பயந்துபோய் வெளியே வந்தது. கத்திரியோடு நானும் ஓடினேன்.

கரைமேல் நின்று எல்லாரும் பார்த்தோம். வாத்து இருந்தது. யாரும் சந்தேகப்பட வழியில்லாமல் நடுக்குளத்தில் இருந்தது.

"அட, நெசந்தானப்பா" என்றார் காளிச்சாமி.

"பாலண்ணா, மன்னிச்சுப் போடுங்க" என்றார் ரசாக்.

பாலுசாமி நெஞ்சை நிமிர்த்தினார். இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனையோ நாளாக அவர் மனசுக்குள் பேச்சுத் தயார் செய்துவைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தார். பாவாத்தாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெருமையை அப்பறம் பேசிக்கலாமுங்க. அங்க பாருங்க. ஐயோ, பாருங்க அதை!"

வாத்து தலையைத் தண்ணீருக்குள் முக்கியது. எடுத்து உதறியது. மறுபடி முக்கியது. உதறியது. மூச்சு விடாமல் அதையே செய்துகொண்டிருந்தது.

"எரியுதுங்க அதுக்கு!" என்றாள் பாவாத்தாள்.

பாலுசாமியின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே வடிந்தது. "மூணு கை வெச்சு அரைச்சனே புள்ள. அந்தம்மா ரெண்டு போதும்னு சொல்லுச்சு" என்றார்.

வாத்தையே நம்பாத எங்கள் ஊர், எரிச்சலை அந்த நிமிஷமே நம்பியது. காளிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "கூட இருக்கறது பொண்டாட்டியாட்ட இருக்குது. அதும் பாவம், என்ன பண்ணும்?" என்றார் ஒருவர். ரசாக்கூட, எதற்கும் எண்ணெய் வாங்கி ஊற்றிவிடுவது நல்லது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் ஓடிவந்தான். பைனாகுலரை வைத்துப் பார்த்தவன் ஒரு மணி நேரம் அதைக் கீழே இறக்கவில்லை. நோட்டில் தேதி, நேரம், பனைமரம் எல்லாம் எழுதினான். இந்த வாத்து இப்போது புதுப்புது இடத்துக்குப் போக ஆரம்பித்திருக்கலாம், புத்தகம் பழசு என்று சொன்னான். பாலுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல பாத்தது நீங்கதாண்ணா. உங்க பேரைத்தான் எழுதியிருக்கறேன்" என்றான். அதுவரைக்கும் ரொம்ப நன்றாக இருந்தது. அப்புறம் சும்மா இருக்காமல், "எரிச்சலெல்லாம் இல்லீங்கக்கா. தலையை முக்கி முக்கித்தான் அது எரை எடுக்கும்" என்றான்.

பாவாத்தாள் அவனை மரியாதையாகப் பார்த்தாள்.

"இங்க வராதுன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க?"

ஆல்வின் நோட்டை மூடிப் பையில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி நாங்கள் மூன்று பேரும் ஆனைமலைக்குப் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் போனேன். கோயில் வரிசையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பாலுசாமி முன்னால், அவர் பக்கத்தில் பாவாத்தாள், பின்னால் நான். வரிசை மெதுவாக நகர்ந்தது. தூரத்தில் மிளகாய் அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாலுசாமிக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்புள்ள, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். அவர் அளவுக்கு அது ரகசியம்தான். எனக்குப் பின்னால் நாலு பேருக்கும் கேட்டது.

"கேளுங்க."

"அன்னிக்கு அரைச்சு முடிச்சு வெளிய வந்தமே. நீ பஸ் ஏறுனியே. அப்பவே என்னை நம்பிட்டதான?"

"இல்லீங்க."

"இல்லியா?"

"பனமேல வாத்துன்னா எப்படிங்க நம்பறது? குடிச்சிருக்கீங்கன்னுதான் நெனச்சேன்."

பாலுசாமி அசந்துபோனார். கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் கால்மேல் விழுந்தது.

"அப்பறம் எதுக்குப் புள்ள பஸ் ஏறுனே?"

பாவாத்தாள் முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊரே நம்பலீனாலும் நானாச்சும் நம்பியிருக்கோணும்னு உங்களுக்குத் தோணியிருக்குமில்லீங்க. உங்க கோவமெல்லாம் எம்மேலதான் இருந்திருக்கும். எம்பேரைச் சொல்லித்தான் அரைக்கப் போறீங்கன்னு பையைக் கெட்டியாப் புடிச்சிட்டு நின்னேன். நீங்க போயும் போயும் ஒரு வாத்து மேல அரைச்சுப்போட்டு வந்து நிக்கறீங்க. உங்களைப் பொள்ளாச்சியில பஸ்ஸு மாறத் தனியா அனுப்பறதுக்கு எனக்கு மனசு வருமுங்களா?"

பாலுசாமி அவள் முகத்தையே பார்த்தார். பின்னாலிருந்த அம்மாள் வரிசை நகருகிறது என்று சொல்லும்வரை அப்படியே நின்றார். பிறகு கிண்ணத்தை அவள் கையிலும் ஒரு பக்கம் கொடுத்தார். இரண்டு பேருமாக அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் போனார்கள்.